உரலி: இணைய முகவரியின் உறுப்புகள்

யூஆர்எல் என்ற ஆங்கிலச் சுருக்கத்தின் ஒலியைத் தழுவி ஆக்கிய சொல் 'உரலி'. சுருக்கத்தின் விரிவு 'யூனிஃபார்ம் ரிசோர்ஸ் லொக்கேட்டர்'. ஒரு வளம் இருக்குமிடத்தை ஒரே சீரான முறையில் காட்டும் குறி என்பது அதன் பொருள். வளம் என்றால் பக்கமாக இருக்கலாம், படமாகவோ கோப்பாகவோ இருக்கலாம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ முதலில் விரும்பியது 'யூனிவர்சல்', அதாவது எங்கும் பொதுவானது என்ற அடைமொழியை. தரநிலைக் குழுவில் அது 'யூனிஃபார்ம்' ஆனது. 1994 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1738 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதன் இலக்கணத்தை வரையறுத்தது. இன்று பொது இலக்கணமாக இருப்பது 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986.

'இணைய முகவரி' என்றாலே போதாதா? பேச்சுக்கும் அழைப்பிதழுக்கும் போதும். தொழில்நுட்ப எழுத்தில் இடறும். கணினிகளை எண்ணால் அடையாளம் காட்டும் ஐபி முகவரியையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். உரலி என்றதும் மாவு இடிக்கும் உரல் நினைவுக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் சொல் சிறியது, 'உரலியை', 'உரலிகள்' என்று வேற்றுமையும் பன்மையும் தடையின்றி ஏற்கிறது. பொதுவாசகருக்கு முகவரி, நுட்பம் எழுதும் இடத்தில் உரலி என்று வைத்துக்கொள்வதே நல்லது. 'இணையதளம்' இரண்டுக்கும் மாற்றாகாது. அது பல பக்கங்களின் தொகுப்பு, உரலி அவற்றுள் ஒன்றைச் சுட்டுவது.

உறுப்புகளைப் பிரிக்க, விளக்கத்துக்காக முழுவதும் தமிழெழுத்தில் எழுதிய ஒரு மாதிரி:

எச்டிடிபிஎஸ்://நூல்கள்.உதாரணம்.இந்தியா:443/அகராதி/யாழ்?பக்கம்=2&வரிசை=புதியது#பொருள்

முதல் முக்காற்புள்ளிக்கு முன் இருப்பதைப் பெரும்பாலோர் நெறிமுறை (புரோட்டோகால்) என்கிறார்கள். தரநிலையில் அதற்கு 'ஸ்கீம்' என்று பெயர். மின்னஞ்சலைத் திறக்கும் 'மெயில்டூ', தொலைபேசியை அழைக்கும் 'டெல்' ஆகியவையும் இந்த இடத்தில்தான் வரும், அவை தரவு கடத்தும் நெறிமுறைகள் அல்ல. ஆகவே நெறிமுறை என்ற சொல் முழுக்கப் பொருந்தாது, ஆனாலும் நிலைத்துவிட்டது. இந்த உறுப்பை மட்டும் நடைமுறையில் தமிழில் எழுத முடியாது. இலத்தீன் எழுத்து, எண், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி ஆகியவையே இங்கே செல்லும். இறுதியில் 'எஸ்' இருந்தால் வழியில் யாரும் படிக்க முடியாதபடி தரவு மறையாக்கம் ஆகிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அது உறுதி சொல்வதில்லை, மோசடித் தளங்களும் அந்த 'எஸ்' எழுத்தோடுதான் வருகின்றன. அடுத்து வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாத ஒன்று என்று பெர்னர்ஸ்-லீயே 2009-இல் ஒப்புக்கொண்டார்.

இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கும் நடுவில் இருப்பதே முகவரியின் உயிர். இதில் புள்ளிகளால் பிரிந்த பகுதிக்கு ஆங்கிலத்தில் 'டொமைன் நேம்', தமிழில் ஆள்களப் பெயர் அல்லது களப்பெயர். சுருக்கம் கருதிப் பின்னதை எடுத்துக்கொள்ளலாம். 1983-இல் கணினி அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த, பெயரைக் கொண்டு ஐபி முகவரியைக் கண்டறியும் பெயர் முறைமை இது. அதற்கு முன் கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டு எல்லோருக்கும் நகலெடுக்கப்பட்டன. கணினி வலையமைப்பு பெருகியபோது கோப்பு தாங்கவில்லை.

களப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தமிழ் வினைமுற்றில் திணையும் பாலும் இறுதி விகுதியில் தெரிவதுபோல, பெயர் யாருக்கு உரியது என்பதும் வலக்கோடியில்தான் தொடங்குகிறது. 'இந்தியா' உயர்நிலைக் களம். 'உதாரணம்' அதன்கீழ் ஒருவர் பதிவுசெய்த பெயர். 'நூல்கள்' அவர் தாமே வைத்துக்கொண்ட துணைக்களம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஏமாற்று வேலை நடப்பது இங்கேதான். 'வங்கி.காம்.சரிபார்.நெட்' என்ற பெயரின் உரிமையாளர் 'சரிபார்.நெட்' பதிவுசெய்தவர், வங்கி அல்ல. 'வங்கி.காம்@சரிபார்.நெட்' என்று வந்தாலும் அதே கதை: @ குறிக்கு முன் இருப்பது பயனர்பெயர் எழுதும் இடம், உலாவி (பிரவுசர்) போவது குறிக்குப் பின்னுள்ள தளத்துக்கு. விதிவிலக்கு ஒன்று உண்டு. 'கோ.யூகே' போன்றவற்றில் இரண்டு துண்டுகளும் சேர்ந்தே பொதுப் பின்னொட்டு, எனவே உரிமையாளர் பெயர் மூன்றாவது துண்டில் இருக்கும்.

தொடக்கத்தில் வரும் மூன்று டபிள்யூவும் வெறும் துணைக்களம்தான். அதற்கெனப் பெயர் முறைமையில் தள உரிமையாளர் இட்ட தனிப் பதிவு இருக்க வேண்டும், பாதுகாப்புச் சான்றிதழும் இரண்டு வடிவங்களையும் உள்ளடக்க வேண்டும். ஒன்றை மறந்தால் டபிள்யூக்களோடு திறக்கும் தளம் அவை இல்லாமல் எச்சரிக்கை காட்டும்.

உயர்நிலைக் களங்களில் தமிழெழுத்தில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றும் புழக்கத்தில் உள்ளன. உள்ளே பெயர் முறைமை இலத்தீன் எழுத்தையே கையாள்வதால் உலாவி அவற்றைப் பியூனிகோடு என்ற இலத்தீன் எழுத்து வடிவமாக மாற்றி அனுப்புகிறது. 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரட்டைச் சிறுகோட்டோடு வரும் விளங்காத சரம் அதுதான். ஒரு துண்டுக்கு 63 எழுத்து என்ற வரம்பு அந்த மாற்றுவடிவத்துக்கே பொருந்தும். ஆகவே நீளமான தமிழ்ப்பெயர் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே முட்டிக்கொள்ளும்.

443 என்பது துறை (போர்ட்) எண்; கணினியின் எந்தச் சேவையை அணுகுகிறோம் என்று காட்டுவது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு அதுவே இயல்பு, எச்டிடிபிக்கு 80. இயல்பானது என்றால் எழுத வேண்டாம்; 8080 போன்ற வேறு எண் என்றால் விடக்கூடாது.

அடுத்தது பாதை. களப்பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே, பாதையில் பல வழங்கிகளில் (பக்கங்களைத் தரும் சர்வர் கணினிகளில்) வேறுவேறு. தமிழர்கள் அதிகம் இடறுவதும் இங்கேதான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதின்அறும (ஹெக்சாடெசிமல்) எழுத்துமாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். அது நகலெடுக்கும்போது 45 எழுத்துகளாக நீள்கிறது. இணைப்பு பழுதாகவில்லை, விரிந்திருக்கிறது, அவ்வளவே. உண்மையான பழுது வேறு. 'கௌ' என்பதை ஔகாரக் குறியோடும் தட்டலாம், எகரக் குறியும் ளகரமும் சேர்த்தும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு இரு வேறு பாதைகள். ஒகரக் குறியை இரண்டு துண்டாக உள்ளிட்டாலும் இப்படியே ஆகலாம். பக்கம் இருந்தும் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பிழை வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கேள்விக்குறிக்குப் பின் வருவது வினவல். பெயர்=மதிப்பு என்ற இணைகள் & குறியால் அடுக்கப்படும். 'யுடிஎம்' என்று தொடங்குபவை பெரும்பாலும் எங்கிருந்து வந்தீர்கள் என்று கணக்கெடுப்பவை, பகிரும்முன் நீக்கலாம். அதற்காகக் கேள்விக்குறி முதல் எல்லாவற்றையும் வெட்டிவிடக் கூடாது. யூடியூபின் முழு முகவரியில் காணொளியின் அடையாளமே வினவலில் 'வி=' என்பதற்குப் பின்தான் இருக்கிறது.

கடைசியில் # குறியோடு வரும் துண்டு பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும். உலாவி அதை வழங்கிக்கு அனுப்புவதே இல்லை, பக்கம் வந்து சேர்ந்தபின் தானே தேடிக்கொள்கிறது. அதனால்தான் துண்டு தவறாக இருந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. பக்கம் திறந்து தொடக்கத்திலேயே நின்றுவிடும்.