ஆகாயத்துப் பீலி

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் கடைசி வாசலில், கொய்யா மரத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே இரண்டடி இடம் இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த இடத்தில் நின்றார். குவைத்தில் ஐந்து வருடம் வீட்டு வேலை செய்த தங்கை ஊருக்கு வந்துகொண்டிருந்தாள். "பிளேன் ஏறிவிட்டாயா பிள்ளை?" என்று வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பிய குரல் பதிவின் கீழே ஒற்றைக் குறி மட்டும் இருந்தது. இரண்டாவது குறி விழவில்லை.

"தம்பி, சிக்னல் வேண்டுமென்றால் நாம் மேட்டுக்குத்தான் ஏறுகிறோம். கொரோனா ஊரடங்கு நேரத்தில் பிள்ளைகள் பாறை உச்சிக்குப் போய்த்தானே பாடம் படித்தார்கள்? இவள் இப்போது எல்லா மலைக்கும் மேலே இருக்கிறாள். இவளுக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

நான் பௌதிகவியல் கற்பிக்கிறேன். வகுப்பறையில் இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு வந்ததில்லை.

மேட்டுக்கு ஏறினால் சிக்னல் கிடைப்பதற்குக் காரணம், உயரம் நம்மைக் கோபுரத்தின் பார்வைக்குள் கொண்டுவருவதுதான். கைத்தொலைபேசி பயன்படுத்தும் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. குறுக்கே ஒரு மலை நின்றால் அதன் நிழலில் இருப்பவருக்கு அவை எட்டுவதில்லை. பாறை உச்சிக்குப் போன பிள்ளைகள் அந்த நிழலிலிருந்து வெளியே வந்தார்கள். ஆனால் கோபுரத்து அன்டெனாக்கள் வானத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. மனிதர் நடமாடும் தரையை நோக்கி அவற்றைச் சற்றுக் கீழே சாய்த்துப் பொருத்துகிறார்கள். தலைக்கு மேலே 11 கிலோமீற்றர் உயரத்தில் போகும் விமானத்துக்கு அவற்றிலிருந்து போவது சிதறல்தான். அதோடு, மணிக்கு 900 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 250 மீற்றர். 5 கிலோமீற்றர் அகலமுள்ள ஒரு கோபுர எல்லையை விமானம் 20 செக்கனில் கடந்துவிடும். அரபிக்கடலின் மேலேயோ கோபுரமே கிடையாது.

வானத்தைப் பார்க்கும்படி தரையில் தனிக் கோபுரங்களை நட்டு விமானங்களுக்கு இணையம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கோகோ நிறுவனம் 2008இல் அப்படித்தான் தொடங்கியது. முதல் தலைமுறையில் ஒரு விமானம் முழுவதற்கும் கிடைத்த வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 3 மெகாபிட்தான். நிலத்தின் மேலே பறக்கும்வரை அது உதவும். கடலைத் தாண்டி வரும் எங்கள் தங்கைகளுக்கு உதவாது. அவர்களுக்குச் செய்மதிதான் வழி.

செய்மதி என்றவுடன் நம் நாட்டோடு ஒட்டிய ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1945இல் பிரித்தானியாவின் ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் ஒரு யோசனையை எழுதினார். தாழப் பறக்கும் செய்மதி பூமியை விரைவாகச் சுற்றும். தூரம் கூடக்கூட ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரமும் கூடும். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆகும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்கும் அதே நேரம்தான். ஆகவே அங்கே இருக்கும் செய்மதி, கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அங்கிருந்து செய்திகளை அஞ்சல் செய்யலாம் என்றார் கிளார்க். 1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர், 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அந்தப் பாதைக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

லயத்துக் கூரைகளில் இருக்கும் தொலைக்காட்சித் தட்டுகளைப் பாருங்கள். அவை நன்றாக அண்ணாந்து வானத்தைப் பார்க்கின்றன. லண்டனிலோ தட்டுகள் எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல நிற்கும். நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருப்பதால் அந்தச் செய்மதிகள் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலே இருக்கின்றன. கட்டுநாயக்கவுக்கு வரும் விமானங்களுக்கும் இந்த வசதி உண்டு. வட துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானமோ, அடிவானத்தை உரசி நிற்கும் செய்மதியைத் தேடித் தடுமாறும்.

விமானத்தின் முதுகில் ஒரு திமில்போன்ற மேடு இருக்கும். அதற்குள்ளேதான் அன்டெனா இருக்கிறது. விமானம் திரும்பினாலும் சாய்ந்தாலும் அது செய்மதியை விட்டுக் கண்ணெடுக்காமல் தன்னைத் திருப்பிக்கொண்டே இருக்கும். தங்கை ஒரு வரி எழுதினால் அது இருக்கைக்கு மேலுள்ள வைஃபை பெட்டிக்குப் போய், திமிலிலிருந்து செய்மதிக்கு ஏறி, ஏதோ ஒரு நாட்டிலிருக்கும் தரை நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்து இணையத்துக்குள் நுழைகிறது.

இனி வேகத்தைப் பற்றி. இதை விளங்கிக்கொள்ள, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் தோட்டத்துப் பீலியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பீலிக்குத் தண்ணீர் மலைமேலுள்ள ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் வருகிறது. வறட்சிக்குப் பிறகு மேலே போய் அடைப்பைத் திறந்துவிட்டால், கீழே தண்ணீர் வர நேரமாகும். அது குழாயின் நீளம். வரத் தொடங்கியபின் எவ்வளவு கொட்டுகிறது என்பது குழாயின் அகலம். உங்கள் குடம் எப்போது நிறையும் என்பதோ, உங்களுக்கு முன்னால் எத்தனை குடம் வரிசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நீளத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விமானத்திலிருந்து மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர், அங்கிருந்து தரை நிலையத்துக்கு அதே அளவு. பதில் வருவதற்கு மீண்டும் அதே இரண்டு பயணங்கள். மொத்தம் 1,44,000 கிலோமீற்றர். ஒளியும் வானலையும் செக்கனுக்கு 3,00,000 கிலோமீற்றர் போகின்றன. ஆக, போய்வர ஏறக்குறைய அரைச் செக்கன். இடையிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 0.6 செக்கன் அல்லது அதற்கும் மேலாகும். அந்த அரைச் செக்கனை எந்தப் பொறியியலாளராலும் குறைக்க முடியாது. ஒளியைவிட வேகமாக ஓட எதற்கும் அனுமதியில்லை.

அரைச் செக்கன்தானே என்று தோன்றும். ஆனால் ஓர் இணையப் பக்கம் ஒரே கேள்வி பதிலில் திறப்பதில்லை. அந்தப் பெயருக்குரிய முகவரி எது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு அந்த முகவரியோடு தொடர்பை ஏற்படுத்த வேண்டும். பிறகு இருபுறமும் இரகசியக் குறியீட்டுக்கான சாவியைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அதன்பிறகுதான் "பக்கத்தைக் கொடு" என்று கேட்கவே முடியும். வந்த பக்கம், படத்துக்கு ஓரிடம் எழுத்துருவுக்கு ஓரிடம் என்று மறுபடி ஆள் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் 0.6 செக்கன் என்றால், முதல் எழுத்து கண்ணில் படுவதற்குள் இரண்டு மூன்று செக்கன் போய்விடும். வீட்டில் இத்தனை கேள்வி பதிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதால்தான் அவை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

அடுத்தது அகலமும் வரிசையும். இன்மார்சாட் என்ற செய்மதி நிறுவனம் 2007இல் தொடங்கிய விமானச் சேவை ஒன்றில், ஒரு இணைப்பின் உச்ச வேகம் செக்கனுக்கு 432 கிலோபிட். அதை 50 பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 9 கிலோபிட்டுக்கும் குறைவு. படம் வேண்டாம், எழுத்துக்கே மூச்சு வாங்கும். பின்னால் வந்த செய்மதிகள் ஒரு பெருங்கடலையே ஒரே கற்றையால் மூடாமல், சில நூறு கிலோமீற்றர் அகலமுள்ள பல சிறு கற்றைகளாக அலைகளைப் பாய்ச்சுகின்றன. ஒரு பீலிக்குப் பதிலாகப் பல பீலி. ஆனாலும் ஒரு கற்றைக்குள் இருக்கும் எல்லா விமானங்களும் அதே தண்ணீரைத்தான் பங்கிட வேண்டும். வளைகுடாவிலிருந்து தெற்காசியாவுக்கு இரவில் எத்தனை விமானம் வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

கடந்த வருடம் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது நான் 10 டொலர் கொடுத்து முழு இணையப் பொதி வாங்கினேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துச் சென்றார்கள். அத்தனை பேரும் போனைக் கையில் எடுத்தார்கள். அதன்பிறகு ஒரு மின்னஞ்சல் திறக்க நான்கு நிமிடம் ஆனது. 10 டொலர் என்றால் ஏறக்குறைய 3,000 ரூபா. 2024இல் 1,350 ரூபாவாக உயர்ந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளத்தில், இரண்டு நாள் கொழுந்து பறித்தாலும் அது தேறியிருக்காது. அந்தக் கணக்கு மனதை விட்டுப் போக மறுத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, எத்தனை பேரோடு பங்கிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

விலை ஏன் இவ்வளவு? செய்மதி செய்வதற்கும் ஏவுவதற்குமான செலவு ஒரு பக்கம். விமானத்தைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்து முதுகில் அன்டெனாவைப் பொருத்த வேண்டும். அந்தத் திமில் காற்றைத் தடுப்பதால் ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். போயிங் நிறுவனத்தின் கனெக்‌ஷன் சேவை 2004 மே மாதத்தில் லுஃப்தான்சாவின் மியூனிக் - லொஸ் ஏஞ்சலஸ் விமானத்தில் தொடங்கியது. போதிய வருமானம் இல்லாமல் 2006இல் மூடப்பட்டது. பின்னர் மெகாபைட் கணக்கில் விற்றார்கள். அதுதான் பயணிகளுக்கு மிகவும் ஆபத்தான முறை. நாம் தொடாவிட்டாலும் போன் தானாகப் படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும், செயலிகளைப் புதுப்பிக்கும். 2014இல் ஒரு பயணி சிறிய பொதி ஒன்றை வாங்கிவிட்டு உறங்கப் போய், 1,100 டொலருக்கும் மேலான பற்றுச்சீட்டோடு இறங்கினார். மெகாபைட் கணக்கில் வாங்குகிறவர்கள் இந்தத் தானியங்கி வேலைகளை முதலில் நிறுத்திவிட வேண்டும்.

செய்திகளுக்கு மட்டுமான பொதியைச் சில நிறுவனங்கள் இலவசமாகவே கொடுப்பதற்கும் காரணம் இதே பீலிதான். ஒரு வரிச் செய்திக்கு ஒரு கிலோபைட் தாராளம். போனில் எடுத்த ஒரு படமோ 3 மெகாபைட், அதாவது 3,000 செய்திகளின் எடை. குடத்தோடு வருபவரை விட்டுவிட்டு, கை நனைக்க வருபவரை மட்டும் வரிசையில் சேர்க்கிறார்கள்.

பணம் கொடுத்தும் இடையில் அறுந்துபோவது ஏன் என்பது வேறு கதை. ஒரு கற்றையிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது சில நொடி இடைவெளி விழலாம். தரை நிலையத்தின் மேலே பெருமழை கொட்டினாலும் தொடர்பு தளரும். மழைத்துளிகள் இந்த உயர் அலைவரிசைகளை விழுங்குகின்றன. தென்மேற்குப் பருவ மழையில் தொலைக்காட்சிப் படம் சதுரம் சதுரமாக உடைவதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. நம் வெப்பமண்டலத்து இடிமேகங்கள் 15 கிலோமீற்றருக்கும் மேலே வளர்வதால், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் தலைக்கு மேலேயே மழை நிற்கும் நேரமும் உண்டு. சில இடங்களில் தடை வானத்தில் இருப்பதில்லை, சட்டத்தில் இருக்கும். இந்தியா தன் வான்பரப்பில் விமான இணையத்துக்கான விதிகளை 2018இல்தான் கொண்டுவந்தது. அப்போதும் 3,000 மீற்றருக்கு மேலே ஏறிய பிறகுதான் அனுமதி. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலைகூட 2,524 மீற்றர்தான்.

இப்போது வந்திருக்கும் பெரிய மாற்றம், குழாயின் நீளத்தையே வெட்டியதுதான். ஸ்டார்லிங்க் என்ற இணையச் சேவையின் செய்மதிகள் ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. முன்பு போட்ட அதே கணக்கில் நான்கு பயணமும் சேர்ந்து 2,200 கிலோமீற்றர்தான். அரைச் செக்கன், ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடைமுறையில் சில பத்து மில்லிசெக்கன் ஆகும். அதனால்தான் அத்தகைய விமானங்களில் முகம் பார்த்துப் பேசக்கூட முடிகிறது. ஆனால் தாழ இருப்பது வேகமாக ஓடும் என்பதை மறக்கக் கூடாது. இந்தச் செய்மதிகள் மணிக்கு 27,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, சில நிமிடங்களில் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஆகவே ஆயிரக்கணக்கில் வேண்டும். அவற்றை மாறி மாறிப் பிடிக்கும் அன்டெனாவும் வேண்டும்.

அந்த அன்டெனா தட்டையானது, அசையாதது. பின் எப்படித் திசை திரும்புகிறது? காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் இருபது பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கல்லைப் போட்டால், சிறு வட்ட அலைகள் சேர்ந்து ஒரு பெரிய அலையாகி நேரே முன்னால் போகும். இடப்பக்கத்துப் பிள்ளையில் தொடங்கி ஒருவர்பின் ஒருவராகச் சற்றுத் தாமதித்துப் போட்டால், சேர்ந்து எழும் அலை வலப்பக்கமாகச் சரிந்து போகும். பிள்ளைகள் யாரும் நகரவில்லை. நேரம்தான் நகர்ந்தது. தட்டையான அன்டெனாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு அன்டெனாக்கள் இதையே நுண்ணிய நேர வித்தியாசத்தோடு செய்கின்றன. அதனால் ஒரு செய்மதியிலிருந்து அடுத்ததற்கு அது கணத்தில் தாவிவிடும்.

கட்டார் எயார்வேஸ் 2024 ஒக்டோபரில் போயிங் 777 விமானங்களில் இதைத் தொடங்கியது, பயணிகளுக்கு இலவசமாக. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையிலும் சேவையைத் திறந்தது. மலையின் நிழல் பக்கவாட்டில் வரும் அலையைத்தான் மறைக்கும். மேலிருந்து வருவதை அவ்வளவாக மறைக்காது. எங்களைப் போன்ற பள்ளத்து லயங்களுக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பாறை ஏறிப் படித்த பிள்ளைகளின் பாடசாலைக் கூரைக்கு அந்தத் தட்டு எப்போது வரும் என்று நான் கேட்காத கூட்டம் இல்லை.

தங்கை வந்த விமானத்தில் இருந்தது பழைய வகை. நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால் மணிக்கு அம்மாவின் பதிவுக்குக் கீழே இரண்டாவது குறி விழுந்தது. "ஏறிவிட்டேன் அம்மா, தூங்குங்கள்" என்று ஒரு வரி வந்தது. அதன் பின்னால் ஒரு படம் வரப்பார்த்து, மங்கலான சதுரமாகவே நின்றுவிட்டது. அம்மா தூங்கவில்லை.

அந்தப் படம் காலையில், அவள் கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகுதான் தெளிந்தது. ஜன்னல் கண்ணாடி, இறக்கையின் நுனி, அதன் கீழே விளக்குகள் சிதறிய ஏதோ ஒரு கரை. அம்மா அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதில் நம் மலை எந்தப் பக்கம் என்று கேட்டார்.