கோல்ட் பைரோ சுடாது என்று யார் சொன்னது?

கல்யாண மேடைக்கு அலங்காரம் பேச வருகிற எல்லோரும் கைபேசியை நீட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். படங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வெளிர் ரோஜா நிறமும் சந்தன நிறமும் கலந்த பேக்டிராப், கூரையிலிருந்து அலை அலையாக இறங்கும் நெட் துணி, தூணுக்குத் தூண் பஞ்சு மாதிரி காய்ந்த பாம்பாஸ் புல், மணமக்கள் நடந்து வரும் வழியின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சீறும் பொறி. "அண்ணா, அச்சு அசலா இதே மாதிரி வேணும்" என்பார்கள்.

போன வாரம் ஒரு ரிசப்ஷன். மேடை எங்களுடையது. பைரோ, அதாவது அந்தப் பொறியைக் கக்கும் வாணம், எங்களுடையது இல்லை. பெண்ணின் சொந்தக்காரப் பையன் ஒருவன் கடைசி நேரத்தில் வேறொரு குழுவைக் கூட்டி வந்து வைத்தான். மேடை ஓரத்தில் வைக்காதே, அங்கே காய்ந்த புல் கட்டியிருக்கிறோம் என்று எங்கள் ஆட்கள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணமக்கள் மேடை ஏறும்போது பட்டனை அழுத்தினார்கள். ஒரு பொறி பாம்பாஸ் கொத்தில் போய் உட்கார்ந்தது. முதலில் சிவப்பாக ஒரு புள்ளி, அடுத்த நொடி கொத்து முழுக்கத் தீ. எங்களிடம் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் தாவி ஏறி, கொத்தைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தான். அவன் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் அதையும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கொத்துக்கு ஒரு சாண் தள்ளி, தரை முதல் கூரை வரை நெட் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வேறொரு வீட்டிலிருந்து போன். நலம் விசாரித்துவிட்டு அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பைரோ எத்தனை பாயிண்ட் வைப்பீங்க?" அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மறுக்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: "அது கோல்ட் பைரோண்ணா, சுடாது." வீடியோவில் யாரோ பொறிக்குள் கையை விட்டுக் காட்டியிருப்பார்கள், அதுதான் ஆதாரம். இந்த ஒரு நினைப்பை மட்டும் எப்படியாவது மாற்ற வேண்டும்.

கோல்ட் பைரோ என்ற பெயரில் இரண்டு சாமான்கள் புழங்குகின்றன. ஒன்று, குழலுக்குள் மருந்து அடைத்து மின்சாரத்தால் பற்றவைப்பது. சின்னப் புஸ்வாணம், அவ்வளவுதான். இன்னொன்று, சதுரப் பெட்டி மாதிரி இருக்கும் மெஷின். டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களின் தூளை உள்ளே சூடாக்கி மேலே ஊதுகிறது. காற்றுப் பட்டதும் தூள் எரிகிறது. இரண்டிலும் நீங்கள் பார்க்கும் பொறி எரிகிற உலோகம்தான். அப்படி வெள்ளையாக ஒளிர வேண்டுமானால் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு இருந்தாக வேண்டும். புகை குறைவு, சாதாரண வாணத்தைவிட வெடிமருந்து குறைவு அல்லது இல்லை, பொறி சீக்கிரம் அணைகிறது. "கோல்ட்" என்று பெயர் வைக்க இதுதான் காரணம். நெருப்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

பிறகு கை ஏன் சுடவில்லை? துகள் மாவு போல நுணுக்கமானது. சூடு அதிகம், ஆனால் சூட்டின் மொத்த அளவு கொஞ்சம். நம் தோல் தடிமனானது, ஈரம் உள்ளது. அந்தக் கொஞ்சச் சூட்டை வாங்கி ஆற்றிவிடுகிறது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடித்த கைகள்தானே எல்லாம்? பொறி புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். அதே பொறி புதுச் சட்டையில் விழுந்தால் ஓட்டை. பாம்பாஸ் புல்லின் இழை தலைமுடியைவிட மெல்லியது, துளி ஈரம் கிடையாது. நெட் துணியின் நூலும் அப்படித்தான். நான்கு பக்கமும் காற்றோட்டம் வேறு. உங்கள் கையைச் சுடாத பொறி அவற்றைப் பற்றவைக்கப் போதும். இதையெல்லாம் தாண்டி, குழலின் வாயிலிருந்து முதல் ஒரு முழம் எந்தக் கையையும் சுடும். அந்த வீடியோக்காரர்கள் அங்கே கை வைப்பதே இல்லை, கவனித்துப் பாருங்கள்.

மெஷின் வகையில் இன்னொரு ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணல்தான் போட வேண்டும். பைரோ ஆட்களிடம் மணல் வாளி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள்.

2023 செப்டம்பர் 26 அன்று ஈராக்கின் ஹம்தானியா ஊரில் ஒரு கல்யாண வரவேற்பு. மணமக்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது மண்டபத்துக்குள் பொறிவாணம் விட்டார்கள். கூரை அலங்காரத்தில் தீ பற்றியது. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. பொறி எழும்பும்போது மணமக்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அது எங்கோ நடந்தது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். முகூர்த்த நேரம், மேலே கீற்றுப் பந்தல், வீடியோ விளக்குக்குப் போன வயரில் கிளம்பிய பொறி. மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் தொழிலில் கீற்று என்றாலே எல்லோரும் பயந்தோம், மண்டபங்களில் கீற்றை எடுத்தோம். எடுத்துவிட்டு அதே இடத்தில் என்ன கட்டியிருக்கிறோம்? நெட், சாட்டின், ஃபோம், தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ. கீற்று எரிந்தால் உருகாது. இவை எரிந்தால் உருகி, எரிகிற சொட்டாகவே தலையில் விழும். புகையோ நாலு மூச்சுக்குள் ஆளைச் சாய்க்கும். தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தர விதி, ஐஎஸ் 8758, செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது என்கிறது. நம் மேடைகளில் அவற்றைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை.

சரி, அப்படியானால் நீங்கள் காட்டும் படத்தில் உள்ள அழகு கிடைக்காதா? தாராளமாகக் கிடைக்கும். நிறத்தைத் துணியில் தேடாதீர்கள், விளக்கில் தேடுங்கள். வெள்ளை அல்லது சந்தன நிறக் காடாத்துணி ஒரே அடுக்கு, அதன் மேல் எல்இடி பார் லைட். முகூர்த்தத்துக்கு இளமஞ்சள், ரிசப்ஷனுக்கு வெளிர் ரோஜா, கேக் வெட்டும்போது நீலம் என்று ஒரே துணியில் மூன்று தீம் கொண்டுவரலாம். நாலு நிறத்தில் நாலு அடுக்கு நெட் கட்டுவதைவிடச் செலவும் குறைவு. பருத்தியும் எரியும்தான். அம்மோனியம் சல்பேட், போராக்ஸ், போரிக் அமிலம், படிகாரம் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைத்தால் தீ ஓடாமல் மட்டுப்படும். துவைத்தால் அது போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும். "தீப்பிடிக்காத துணி" என்று யாராவது சொன்னால், கடைசியாக எப்போது நனைத்தீர்கள் என்று கேளுங்கள்.

விளக்கு விஷயத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. நிறவிளக்கு பேக்டிராப்பில் மட்டும் விழ வேண்டும், மணமக்கள் முகத்தில் விழக்கூடாது. ஊதா வெளிச்சத்தில் மேக்கப் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், அரக்குப் பட்டு கறுத்துப்போகும். ஆல்பம் வந்தபிறகு ஃபோட்டோகிராபரைத் திட்டுவார்கள், பாவம். முகத்துக்கு இளஞ்சூடான வெள்ளை விளக்கு. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அதேபோல, புடவை எடுத்த பிறகு மேடையின் நிறத்தை முடிவு செய்யுங்கள். முகூர்த்தப் பட்டு மாம்பழ மஞ்சள் என்றால் பின்னால் மஞ்சள் செவ்வந்திச் சுவர் கட்டச் சொல்லாதீர்கள். பெண் அதில் கரைந்துபோவாள். வாழையிலைப் பச்சை போடுங்கள், மஞ்சள் எடுத்துக் கொடுக்கும்.

பூவைப் பற்றி நான் சொன்னால் மட்டும் நம்ப மாட்டீர்கள். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் ஒருமுறை வாருங்கள். சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, அரளி, தாமரை மொட்டு. உங்கள் படத்தில் இருக்கும் எந்த நிறம் இங்கே இல்லை? தை மாதத்தில் மல்லிகை விலை கையைக் கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அப்போது சம்பங்கிக்குப் போங்கள். தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் கட்டுங்கள். பச்சைப் பூவிலும் இலையிலும் தண்ணீர் இருக்கிறது, பொறி விழுந்தால் கருகும், சட்டென்று பற்றாது. பிளாஸ்டிக் பூ வாடாது என்பது ஒன்றுதான் அதன் பெருமை. மூன்று மணி நேர ரிசப்ஷனுக்கு அது எதற்கு?

மேஜை அலங்காரத்தில் மெழுகுவர்த்தி வேண்டும் என்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சாட்டின் ரன்னர் மேல் நீளமான மெழுகுவர்த்தி, சுற்றிக் காய்ந்த ஜிப்சிப் பூ, மேஜைக்கடியில் விரிப்பைப் பிடித்து இழுக்கும் குழந்தைகள். நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பி, தாமரை இதழும் மிதக்கும் விளக்கும் விடுங்கள். சாய்ந்தாலும் தண்ணீரில்தான் சாயும். மெழுகுவர்த்திதான் என்றால், சுடரைவிட நாலு விரல் உயரமான கண்ணாடிக் குவளைக்குள் வையுங்கள். பந்தி மேஜையில் எதுவும் வேண்டாம், இலைக்கு மட்டும் இடம் விடுங்கள்.

அடுத்தது தோழிகள். அக்கா, தங்கை, கல்லூரி சிநேகிதிகள் எல்லோரும் ஒரே நிறத்தில் லெஹங்கா. உள்ளே விறைப்புக்கு கேன்கேன் பாவாடை, மேலே நெட் துப்பட்டா. கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் அடுக்கடுக்கான நெட் கவுனில் சின்னப் பிள்ளைகள். இந்த உடையோடு கையில் விளக்கும் மத்தாப்பும் கொடுத்து வரிசையாக நிறுத்துகிறார்கள்! உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். நைலான், பாலியஸ்டர் துணி எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கேன்கேன் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் காற்று தீயை இடுப்புவரை சர்ரென்று ஏற்றிவிடும். அசல் பட்டு மெதுவாகத்தான் எரியும், தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். ஆனால் கடையில் பட்டு என்று விற்பதெல்லாம் பட்டு இல்லை. உள்தையலிலிருந்து ஒரு நூலைப் பிரித்து, வீட்டு வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையும் விரலில் பொடியும் சாம்பலும் வந்தால் பட்டு. சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. தோழிகளுக்கு ஒரே நிறம்தான் முக்கியம் என்றால் சுங்குடியிலும் செட்டிநாட்டுக் கண்டாங்கியிலும் இல்லாத நிறமா? ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் துப்பட்டாவைப் பின் குத்தி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மேடைக் குத்துவிளக்கை ஏற்றும்போதும் அப்படியே.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. இருந்தாலும் எங்கள் தொழில் ஆட்களுக்கு ஒன்று: துணியைக் குத்தும்போது சீரியல் செட் வயரில் குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் ஏறிவிடுகிறது. வயரைக் கடைசியில் மேலாக ஓட்டுங்கள், துணிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். கேபிளைச் சுருட்டி வைத்தபடியே லோடு ஏற்றாதீர்கள்.

இன்னும் ஒன்று, கதவு. ஏசி வெளியே போகிறது என்று பக்கவாட்டுக் கதவைப் பூட்டுவார்கள். மிச்சமிருக்கும் கதவுக்கு முன்னால் செல்ஃபி பூத் வரும். முன்வாசலில் பூ வளைவு வைத்து வழியைப் பாதியாக்குவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மண்டபத்தை ஒரு சுற்று நடந்து, எத்தனை கதவு திறக்கிறது என்று நீங்களே தள்ளிப் பாருங்கள். தீயணைப்பான் எங்கே, அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

யார் உடையிலாவது தீப்பிடித்தால் ஓடவிடாதீர்கள். கீழே படுக்கவைத்து உருட்டுங்கள், கனமான பருத்தி விரிப்பால் மூடி அணையுங்கள். பிறகு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக்கூடாது. பற்பசை, மை, மஞ்சள் எதுவும் தடவக்கூடாது. 108-ஐயும் 101-ஐயும் முதலில் அழையுங்கள், சொந்தக்காரர்களைப் பிறகு கூப்பிடலாம்.

எங்களிடம் மேடை பேசுகிறவர்களுக்கு இனி இதை எழுத்திலேயே கொடுக்கப்போகிறேன்: நாங்கள் கட்டும் மேடையிலோ, அதற்கு முன்னால் உள்ள நடைபாதையிலோ, மண்டபத்துக்குள் வேறெந்த இடத்திலோ பைரோ கிடையாது, யார் கொண்டுவந்தாலும் சரி. பொறி பார்த்தே ஆக வேண்டும் என்றால் மாப்பிள்ளை அழைப்பின்போது வெட்டவெளியில், வாசல் பந்தலிலிருந்து தள்ளி, மணல் வாளியோடு வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் மணமக்கள் நடந்து வரும்போது நாதஸ்வரமும் பூமாரியும் இருக்கட்டும். உதிரிப்பூ எத்தனை கூடை வேண்டுமோ நான் இறக்கித் தருகிறேன்.