பானெட்டுக்குள் பார்த்தது போதும், வீல் நட்டையும் கொஞ்சம் பாருங்கள்

மாடிஃபை செய்த கார்களின் சந்திப்பு என்றால் எனக்கு வேலை நாள், லீவு நாள் இரண்டும் ஒன்றாக வந்த மாதிரி. சஸ்பென்ஷன் வேலைதான் பிழைப்பு, அதனால் எல்லோரும் பெயின்ட்டையும் டர்போவையும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே குனிந்து தேடியவர்களும் உண்டு.

போன சந்திப்பில் ஒரு தம்பி வந்தார். "எண்பதைத் தாண்டினா ஸ்டீயரிங் நடுங்குதுண்ணே, ரெண்டு தடவை பேலன்ஸிங் பண்ணியும் போகல." சக்கரம் ஃபெண்டர் விளிம்பு வரை வெளியே வந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு நட்டை மட்டும் தளர்த்திவிட்டு விரலால் சுற்ற ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நட் கையில் வந்துவிட்டது.

வீலை மாட்டும் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில், சக்கரத்தை வெளியே தள்ள 10 மிமீ ஸ்பேசர் தட்டு, ஆனால் நட் ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் மட்டும் வண்டியோடு வந்த அதே பழைய நீளம். அது 12 மிமீ ஸ்டட், மரைக்கு மரை 1.5 மிமீ, அப்படியானால் நாலு சுற்றுக்கு 6 மிமீ தான் பிடிமானம். ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவாவது நட் உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு, அதாவது எட்டுச் சுற்று. பாதிப் பிடியை வைத்துக்கொண்டுதான் அவர் அவ்வளவு வேகம் போயிருக்கிறார். நடுக்கத்துக்கும் காரணம் அந்த ஸ்பேசர்தான்: ஹப்பின் நடுவில் வீலை மையமாகப் பிடித்து உட்கார வைக்கும் உதட்டை அது மூடிவிட்டது, அப்புறம் எத்தனை தடவை பேலன்ஸ் செய்தால் என்ன?

சரி, அங்கேயே கழற்றிவிடலாம் என்று ஜாக்கி போட்டோம். போட்ட மறு நொடி ஒருவர் ஆர்வக்கோளாறில் தலையை அடியில் விட, நான் கத்திய கத்தில் பக்கத்துக் கார்க்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், ஸ்டாண்ட் வைக்காத வண்டிக்கு அடியில் விரலைக்கூட விடாதீர்கள்.

யாரும் அந்தத் தம்பியைக் கிண்டல் செய்யவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு மூன்று பேர் தாங்களாகவே வந்து "என்னுதையும் பாருங்க" என்றார்கள். ஒருவர் நட் உட்காரும் குழி கூம்பு வடிவில் உள்ள அலாய் வீலுக்கு உருண்டை முனை நட் போட்டிருந்தார், இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் உட்காரும் இடம் சின்ன வளையம்தான், ஓட ஓடத் தளரும். இன்னொருவர் வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கையே அறுத்திருந்தார். இதில் மட்டும் நான் சமாதானம் ஆக மாட்டேன், அறுத்த ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நகரலாம். தாழ்த்த வேண்டுமென்றால் அதற்கென்று வரும் ஸ்பிரிங்கைப் போட்டு அலைன்மென்ட் பாருங்கள், இல்லாவிட்டால் டயரின் உள்பக்கம் கம்பி தெரியும்வரை தேய்ந்தாலும் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

நிறுத்தும் இடத்தையும் கவனியுங்கள். ஓடி வந்த வண்டியின் அடியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சுடும், தாழ்த்திய வண்டியில் அதற்கும் புல்லுக்கும் இடைவெளி இன்னும் குறைவு. மூடிய பார்க்கிங்கில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சத்தம் காட்டுவது வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

என்னைக் கேட்டால் சந்திப்பில் ஆபத்தான இடம் வெளியே போகும் வாசல்தான். மணிக்கணக்கில் நின்ற டயர் ஆறிப்போய்ப் பிடி குறைந்திருக்கும், இருபுறமும் போனைத் தூக்கியபடி கூட்டம், "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை" என்று சத்தம். சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு, திரும்பி முடிக்கும் முன்பே மிதித்தால் பின் சக்கரத்தில் ஓடும் வண்டி வாலை வீசும். பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் டயர் திடீரென்று பிடித்து வண்டி எதிர்ப்பக்கம் பாயும், அங்கேதான் ஆட்கள் நிற்கிறார்கள். நடத்துபவர்கள் முடியும் நேரத்தில் வாசலில் இரண்டு பேரை நிறுத்தி, படம் எடுப்பவர்களைச் சாலையோரத்திலிருந்து நன்றாகப் பின்னே தள்ளிவிடுங்கள். அப்போது மிதிக்கச் சொல்லிக் கத்தவும் பக்கத்தில் ஆள் இருக்காது.