ட்யூட் என்றால் முதலில் திட்டு

ஆங்கிலத்தில் நண்பனைக் கூப்பிடும் ‘ட்யூட்’ (dude) இருக்கிறதே, அது யானையின் பின்பக்கத்தில் வளரும் முடிக்குப் பெயர் என்று ஒரு கதை பல வருடமாக இணையத்தில் சுற்றுகிறது. சுத்தப் புருடா. ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அது ஒரு கேலிச் சொல் என்பது மட்டும் உண்மை.

1883 ஜனவரியில் நியூயார்க்கின் ‘வேர்ல்ட்’ பத்திரிகையில் ராபர்ட் சேல் ஹில் என்பவர் ட்யூட்களை நக்கலடித்து ஒரு கவிதை எழுதினார், சில மாதங்களிலேயே சொல் அமெரிக்கா முழுக்கப் பற்றிக்கொண்டது. யார் இந்த ட்யூட்? பணக்கார வீட்டுப் பையன், வேலைவெட்டி கிடையாது, காலோடு ஒட்டிய பேன்ட், கழுத்தை நெரிக்கிற காலர், கையில் தடி, வாயில் சிகரெட், அப்புறம் பிறந்து வளர்ந்தது நியூயார்க்காக இருந்தாலும் பேச்சில் வலிய வரவழைத்த லண்டன் வாடை. ‘ட்யூட்களின் ராஜா’ என்று பேரெடுத்த இவான்டர் பெர்ரி வால், 1888இல் சரடோகாவில் ஒரே நாளில் 40 முறை உடை மாற்றிப் பந்தயம் ஜெயித்ததாகச் சொல்வார்கள். நம்புவது உங்கள் பாடு.

சொல் எங்கிருந்து வந்தது? பழைய பத்திரிகைகளை வருடக்கணக்கில் துழாவிய ஜெரால்ட் கோஹன், பாரி பாப்பிக் போன்றவர்கள் கைகாட்டுவது ‘யாங்கி டூடுல்’ பாட்டை. தொப்பியில் ஒரு இறகைச் செருகிக்கொண்டு அதையே பெரிய நாகரிகம் என்று நினைக்கும் அமெரிக்கப் பட்டிக்காட்டானைக் கிண்டல் செய்யும் 18ஆம் நூற்றாண்டுப் பாட்டு அது. அந்த ‘டூடுல்’தான் வால் நறுக்கப்பட்டு ‘டூட்’, அதாவது நம் ட்யூட், ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் பாட்டும் சரி, சொல்லும் சரி, அடிப்பது உடை மோகத்தைத்தான்.

அமெரிக்காவின் மேற்கே மாடு மேய்ப்பவர்களிடம் போனதும் அர்த்தம் லேசாக நகர்ந்தது. பண்ணை வாழ்க்கையை வேடிக்கை பார்க்க, புத்தம்புது பூட்ஸோடு ரயிலில் வந்து இறங்கும் நகரத்து ஆளெல்லாம் அங்கே ட்யூட். அவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் ‘ட்யூட் ராஞ்ச்’ என்று ஒரு தொழிலே கிளம்பியது, வயோமிங் மாநிலத்தில் இன்றும் நடக்கிறது.

திருப்பம் 1930, 40களில். தொளதொள பேன்ட்டும் முழங்காலைத் தொடும் கோட்டுமாக ‘ஜூட் சூட்’ போட்டுத் திரிந்த மெக்சிக வம்சாவளி இளைஞர்களும் கறுப்பின இளைஞர்களும் தங்களுக்குள் ஒருவரையொருவர் ட்யூட் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வசவு விளிச்சொல் ஆனது அங்கேதான். அவர்களிடமிருந்து 60களில் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு ஆடும் பையன்களுக்கும், 80களில் ஹாலிவுட் வழியாக எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்படித் தேய்வதை மொழியியலில் பொருள் வெளிறுதல் என்பார்கள். ஒரு சொல்லை வைத்து ஆளை விவரிக்கும்போது அதன் அர்த்தத்துக்கு வேலை இருக்கிறது, அதே சொல்லால் ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் வேலையெல்லாம் தொனிக்கும் உறவுக்கும் போய்விடும், அகராதி அர்த்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் போகும். ‘கய்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான்: 1605இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த கய் ஃபாக்ஸின் பேரில் எரிக்கிற கந்தல் பொம்மைக்கு அந்தப் பெயர் வந்தது, பிறகு கண்றாவியாக உடுத்தியவனுக்கு, கடைசியில் எந்த ஆணுக்கும். இன்று பெண்கள் மட்டுமே இருக்கும் கூட்டத்தையும் ‘கய்ஸ்’ என்கிறார்கள். நம்மூர் ‘மச்சான்’ மட்டும் என்ன, கூப்பிடுகிறவனுக்கு அக்கா தங்கையே இல்லாவிட்டாலும் நடக்கிறதே.

ஸ்காட் கீஸ்லிங் என்ற பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மொழியியலாளர் தன் மாணவர்களிடம், மூன்று நாளில் காதில் விழும் முதல் 20 ட்யூட்களை, யார் யாரிடம் சொன்னது என்பதோடு குறித்துவரச் சொன்னார். 2004இல் வெளியான ஆய்வு அது. மிக அதிகமாக வந்தது பையன் பையனிடம் சொன்னது, அடுத்து பெண் பெண்ணிடம். ‘நாம ரெண்டு பேரும் ஒண்ணு, ஆனா ரொம்ப நெருங்கிடாதே’ என்கிற அளவான ஒட்டுதலைத்தான் இந்தச் சொல் காட்டுகிறது என்றார் அவர். காதலர்களுக்கு நடுவே அது ஏன் அவ்வளவாக வருவதில்லை என்பதற்கும் அதுவே காரணம். ஒரே ட்யூட்டை இழுத்துச் சொன்னால் ‘அய்யோ பாவம்’, வெட்டிச் சொன்னால் ‘டேய், நிறுத்து’, குரலை உயர்த்தினால் ‘செம’. எதிலும் இறுக்கமான பேன்ட் இல்லை.