கைடிங் கதீட்டர்: வழிகாட்டியா, வழியா?

இதயத் தமனியின் அடைப்பைப் பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி அறையில் கைடிங் கதீட்டரின் பெயர் வெறும் ‘கைடு’. தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டு பாதியும் இடறுகின்றன.

‘கதீட்டர்’ கிரேக்கச் சொல். ‘கதா’ என்றால் கீழே. ‘ஹியெனாய்’ என்றால் அனுப்புதல். ஆக, உள்ளே இறக்கப்படும் பொருள் எதுவோ அது கதீட்டர். சிறுநீர்ப்பையில் தேங்கிய நீரை வெளியேற்றச் செலுத்திய குழலுக்கே பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இப்பெயரை வைத்தார்கள். அந்தப் பயனைப் பார்த்துத்தான் தமிழில் ‘வடிகுழாய்’ என்றோம். சிறுநீருக்கு அது மிகச் சரி. ஆனால் இதயத்தில் எதுவும் வடிக்கப்படுவதில்லையே!

பெயர் இதயத்துக்கு ஏறிய கதை சுவையானது. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டெ நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், சிறுநீர்ப் பாதைக்கான மெல்லிய குழலொன்றைத் தன் கையின் சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் நாளம்) வழியே தானே தன் இதயம் வரை செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1956இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். குழலோடு பெயரும் இதயத்துக்குள் போய்விட்டது. மூலப் பொருளுக்கு நெருக்கமான தமிழ் ‘செருகுகுழல்’. குழாய் என்றதும் தண்ணீர்க் குழாய் நினைவில் நிற்கிறது. மெல்லியதற்குக் குழலே பொருத்தம்.

இனி ‘கைடிங்’. வழிகாட்டி என்று பெயர்த்தால் சிக்கல், ஏனென்றால் கூடவே ‘கைடுவயர்’ என்ற கம்பியும் இருக்கிறது. இரண்டும் வழிகாட்டி ஆகிவிடும். வேலையைப் பாருங்கள். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ நுழையும் குழல், பெருந்தமனி வழியே போய் இதயத் தமனியின் வாயில் நின்றுவிடுகிறது. சுருங்கிய இடத்துக்கு அது போவதில்லை. அதன் உள்ளே 0.36 மி.மீ. தடிமனுள்ள கம்பி முன்னே சென்று அடைப்பைக் கடக்கிறது. கம்பியைப் பற்றிக்கொண்டு பலூனும், தமனியைத் திறந்தே வைக்கும் ‘ஸ்டென்ட்’ என்ற வலைக்குழலும் போகின்றன. கம்பிதான் வழி காட்டுகிறது. குழலே வழி. அதனால் கம்பிக்கு ‘வழிகாட்டுக் கம்பி’, குழலுக்கு ‘வழிக்குழல்’ என்பது என் முன்மொழிவு. 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதல் இதயத் தமனிப் பலூனைக் கொண்டுபோனதும் இத்தகைய குழலின் வழியாகத்தான்.

வழி என்றால் வெறும் துளை போதாது, தாங்கவும் வேண்டும். கெட்டித்த அடைப்பில் பலூனை அழுத்தும்போது குழல் பின்வாங்கினால் எல்லாம் வீண். எனவே உள்ளே வழுக்கும் பூச்சு, நடுவே பின்னிய உலோக இழை, வெளியே பாலிமர் உறை, தமனியைக் காயப்படுத்தாத மென்மையான நுனி என்று அடுக்குகிறார்கள். அளவைப் ‘பிரெஞ்ச்’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பிரெஞ்ச் மி.மீ.இல் மூன்றில் ஒரு பங்கு. பரவலாகப் பயன்படும் 6 பிரெஞ்ச் குழலின் புறவிட்டம் 2 மி.மீ., அகவிட்டம் சுமார் 1.8 மி.மீ. அவ்வளவு மெல்லிய சுவருக்குள்தான் அந்த மூன்று அடுக்கும்! நோயைக் கண்டறிய மட்டும் செலுத்தும் குழலுக்குச் சுவர் தடிமன், உள்வழி குறுகல். ஆகவே அதை ‘ஆய்வுக்குழல்’ எனப் பிரித்துச் சொல்வது நல்லது.

புதிய வகைகளில், வழிக்குழலுக்குள்ளேயே நுழைந்து தமனிக்குள் சற்றுத் தூரம் நீளும் இன்னொரு குழல் உண்டு. வளைந்து நெளிந்த தமனியில் ஸ்டென்ட் முன்னேறாதபோது இது கைகொடுக்கிறது. ‘நீட்சிக்குழல்’ என்றால் போதும்.

இதயத் தமனிக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘கரோனரி’ என்ற பெயரையும் விட்டுவிட வேண்டாம். லத்தீனில் ‘கொரோனா’ என்றால் முடி, மகுடம். இதயத்தை மகுடம்போல் சுற்றியிருப்பதால் அப்பெயர். இலங்கைத் தமிழர் இதை ‘முடியுரு நாடி’ என்றே எழுதுகிறார்கள். இங்கே நாம் ‘இதயத் தமனி’ என்கிறோம். எளிமை இதில், வடிவத்தின் அழகு அதில்.