வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழும் கோட்டை முத்திரையும்

துபாயில் வேலை உறுதியான செவிலியர் ஒருவர், பட்டச் சான்றிதழில் நோட்டரி முத்திரை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நம்பியிருந்தார். அங்கே அது செல்லவில்லை. சேர வேண்டிய தேதி கடந்துபோனது. முதலிலேயே ஒருவர் அவருக்குச் சரியாகச் சொல்லியிருக்கலாம்.

நோட்டரி மாநில அரசு அல்ல. முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்பதே வரிசை. சவூதி, ஓமன், சிங்கப்பூர் போன்றவை ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள்; அவற்றுக்கு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் என்ற சான்று ஸ்டிக்கர் போதும். அமீரகம், குவைத் என்றால் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும்.

மாநில முத்திரை உறுதி சொல்வது கையெழுத்துக்கு மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை. பிழையான பெயர் எல்லா முத்திரைகளையும் தாண்டிப் போய், கடைசியில் விசா கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் இது பெரும்பாலும் இனிஷியலால் வருகிறது: சான்றிதழில் ஒரே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் வருபவர்களும் உண்டு. கோட்டைக்கு, அதாவது சென்னைத் தலைமைச் செயலகத்துக்கு, போகும் முன்பே இவற்றைத் திருத்துங்கள். லேமினேஷன் செய்த சான்றிதழில் முத்திரையும் குத்த முடியாது, ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது.

அலைச்சல் தொடங்குவது தலைமைச் செயலகத்தில்தான். கல்விச் சான்றிதழ் ஒரு துறைக்கு, பிறப்பு, திருமணச் சான்றிதழ் வேறு துறைக்கு. தவறான வாசலில் நின்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. சரியான வாசல் எது என்று பெரிதாக எழுதி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பட்டப்படிப்பு என்றால் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்றைக் கேட்பார்கள். காலம் அதிகம் பிடிப்பது அதற்குத்தான். வேலைக்கான கடிதம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

"கோட்டையெல்லாம் வேண்டாம், தில்லியில் எஸ்.டி.எம். (துணைக்கோட்ட நடுவர்) கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்று தரகர் சொன்னால், பணம் கொடுக்கும் முன் வேலை தரும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கல்விச் சான்றிதழில் மாநிலக் கல்வித்துறையின் முத்திரையைத்தான் ஏற்போம் என்பவர்கள் இருக்கிறார்கள்.

2012 முதல் வெளியுறவு அமைச்சகம் ஆவணங்களைப் பொதுமக்களிடம் நேரடியாக வாங்குவதில்லை. அது அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், அதற்கு மேல் முகமையின் சேவைக் கட்டணம். தரகர் ஆயிரக்கணக்கில் கேட்டால், எது அரசுக்கு, எது தனக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ரசீது வாங்குங்கள். ரசீது தராதவரிடம் அசலைக் கொடுக்காதீர்கள்.