எம் புக்கைக் கேட்டு வாங்குங்கள்

தெருவில் ரோடு சரியில்லை என்றதும் எல்லோரும் கேட்பது, டெண்டர் யாருக்குப் போனது என்றுதான். மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் பல வருடம் பில் சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டெண்டருக்கு முன்னால் போடும் எஸ்டிமேட்டையும், வேலை முடிந்ததும் எழுதும் அளவுப் புத்தகத்தையும் பாருங்கள். அந்தப் புத்தகத்தைத்தான் எம் புக் என்போம்.

டெண்டருக்காவது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணம் எழுதியாக வேண்டும். ஒரே ரோட்டை 2 கோடிக்குள் அடங்கும்படி நாலு துண்டாக்கி டெண்டர் விட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

எஸ்டிமேட்டில் ‘மில்லிங்’ என்று ஓர் இனம் இருக்கிறதா பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுப்பதற்கான தொகை அது. சுரண்டாமல் மேலேயே போட்டால் ரோடு உயரும், வீடு பள்ளமாகும், மழைத் தண்ணீர் வாசற்படி ஏறும்.

எம் புக் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழைநீர் வடிகாலுக்கு 86 மீட்டர் என்று எழுதி பில் வந்தது. டேப்போடு போனேன். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைத் தெருவில் துணி தேய்ப்பவர் பிடித்துக்கொண்டார். 71 மீட்டர்தான் வந்தது. நடுவில் நாலு வீட்டுச் சாய்தளத்தை இடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். 15 மீட்டர் காசு போனது ஒரு பக்கம். நடுவில் அடைபட்ட வடிகாலில் தண்ணீர் எப்படிப் போகும்? “சின்னப் பையன் சார், தெரியாம எழுதிட்டான், விட்டுடுங்க” என்றார்கள். பில்லைத் திருப்பி அனுப்பினேன். அளவு எழுதிய அந்தப் பையன் ஒரே நேரத்தில் ஏழெட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் உண்மை. ஆள் போடாமல் அளக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம் புக் மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

அப்புறம், ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எதுவரை என்றும் கேட்டுவிடுங்கள். பள்ளம் விழுந்தால் அந்தத் தேதிக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தத் தேதி தாண்டி, அவர் பிணையாகக் கட்டிய டெபாசிட் திரும்பிப் போய்விட்டால், அதே பள்ளத்துக்கு மறுபடியும் ஓர் எஸ்டிமேட் போடுவார்கள்.